உழவாரம் உணர்த்தும் வாழ்க்கைப் பயன்

(ஆலயத் திருவிழாவில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவு)



"எதற்காகப் பிறந்தோம்? செய்கின்ற வேலையால் யாருக்கு என்ன பயன்?" என்னும் வினா நாற்பது வயதைக் கடந்த பலரின் உள்ளத்தில் எழுகின்றது. மாதந்தோறும் சம்பளம் வருகின்றது, பிள்ளைகள் படிக்கின்றனர், எனினும் மனம் நிறைவதில்லை. இவ்வினாவிற்குத் திருநாவுக்கரசர் சுவாமிகளின் வரலாறு தக்கதொரு விடை தருகின்றது. அதனைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்த சேக்கிழார் பெருமானும் 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராகப் பணிபுரிந்தவரே.

நாவரசரின் தமக்கையார் திலகவதியார். பெற்றோர் மறைந்தனர், மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையாரின் அடிகளில் விழுந்து தம்பி அழுதார். தம்பிக்காக அவர் உயிர் தாங்கினார். பின்னர்த் திருவதிகையில் திருக்கோயிலை அலகிட்டு, மெழுகி, பூமாலை தொடுத்து வாழ்ந்தார். வாழ்வதற்கான காரணம் அவருக்கு ஏட்டிலிருந்து கிடைக்கவில்லை. அழுது நின்ற தம்பியின் உருவில் வந்தது.

அத்தம்பி கல்வியிற் சிறந்து, சமண சமயத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் உயர்நிலை பெற்றார். சூலைநோய் வருத்தியபோது தமக்கையாரிடமே திரும்பினார். பாடல்களால் நாவுக்கரசர் எனப் பெயர் பெற்ற பின்னரும் அவர் கை உழவாரத்தை விடவில்லை. திருப்புகலூரில் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணியும் கிடந்தன. அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து ஏந்தி வாவியில் எறிந்தார். செய்யும் பணியே பயனாகிவிட்ட பின்னர் வேறு பரிசு எதற்கு?

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்களுக்கு அமுதளிக்க ஞானசம்பந்தருக்கும் நாவரசருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளப்பட்டது. முன்னவர் பெற்ற காசில் வாசி இருந்தது. நாவரசர் காசில் வாசி இல்லை. அவர் செய்த கைத்தொண்டே அதற்குக் காரணம் என்கின்றார் சேக்கிழார்.

மலேசிய நாட்டுச் சூழலில் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேரனின் பிறப்புப் பத்திரத்திற்காகத் தோட்டத்து மூதாட்டி ஒருவர் அலுவலக முகப்பில் நிற்கின்றார். உள்ளே அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு அது அன்றைய நாற்பதாவது பாரம். "இன்னொரு நாள் வாருங்கள்" என்பது எளிது. ஆனால் அம்மூதாட்டிக்கு அது ஒரு நாள் கூலி. இருவழிப் பேருந்துக் கட்டணம். பத்திரமின்றி வளரும் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அடையாள அட்டை வரை தொல்லைகள் தொடரும். தேவையான தாள்கள் எவையெனப் பொறுமையாகச் சொல்லி, பாரத்தைத் திருத்தி அனுப்பும் எழுத்தரின் சம்பளமே வாசியில்லாக் காசு. அரை மனத்தோடு செய்யும் வேலையின் கூலியில் வாசி உண்டு.

இவ்வாறு உழைப்போர் அனைவருக்கும் பதவி உயர்வு கிட்டும் என்பதில்லை; நன்றிச் சொல்லும் கிட்டாது போகலாம். செதுக்கிய இடத்தில் புல் மீண்டும் முளைக்கவே செய்யும். அதற்காக உழவாரத்தைக் கீழே வைப்பார் இல்லை.

திருவிழாவிற்கு முன் ஆலய வளாகத்தைத் தூய்மை செய்யப் பலர் மகிழ்வோடு வருகின்றனர். அவர்கள் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்திற்கும் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் செல்லும்போது, அதே கைகளையும் அதே மனத்தையும் உடன் கொண்டு செல்வார்களாக. வாழ்வின் பொருளைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. எதிரே காத்து நிற்பவரின் முகத்தில் அது தெரியும்.

திருச்சிற்றம்பலம்.