சரற்கால அலங்காரமும் நமது மண் தொட்டியும்

(நம் சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு அளிக்கப்பட்ட விஷயம் பார்வைக்கு மிகச் சிறியது. பூந்தொட்டிக்கு வர்ணந் தீட்டி நவராத்திரிக்கு அலங்காரம் செய்வது எங்ஙனம் என்பதே அது. கல்வி நிதி, மாணவர் விடுதி முதலிய பெரிய காரியங்களைப் பேசவேண்டிய மேடையில் தொட்டியையும் தூரிகையையும் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவோர்க்கு விடையாக, எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறுகின்றோம்.

சென்ற ஆண்டு நவராத்திரியின்போது எம் வீட்டில் ஏழு படி கொலு வைத்தோம். கடைத்தெருவில் வாங்கிய பளபளப்பான பொம்மைகள் படிதோறும் நிறைந்திருந்தன. எம் மகளுடன் பயிலும் சிறுமியொருத்தி வந்து பார்த்துவிட்டு, "உங்கள் தாத்தா மண் பாத்திரம் செய்பவராமே! இவற்றுள் அவர் செய்தது எது?" என்று வினவினாள். ஏழு படியிலும் ஒன்றேனும் இல்லை. எம் தகப்பனார் திண்ணையில் இருந்தபடியே அவ்வினாவைக் கேட்டார், யாதும் உரைத்திலர். அவரது மௌனம் எம் நெஞ்சிற் பாய்ந்தது. அன்று பதில் கூற இயலாமையினாலேயே இன்று ஈண்டுப் பேச முன்வந்தோம்.

நிற்க. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் எனவும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனவும் தமிழர் பகுத்தனர். வடமொழியாளர் ஆசுவின, கார்த்திக மாதங்களைச் சரத் ருது என்பர். இப்பருவத்தில் வருவது பற்றியே நமது பண்டிகைக்குச் சாரதா நவராத்திரி என்னும் பெயரும் உண்டு. நவராத்திரி, ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை விளக்கீடு என விழாக்கள் தொடர்ந்து வருங் காலம் இது. ஆயினும் நம் திரிகைகள் ஓய்ந்து கிடக்குங் காலமும் இதுவேயன்றோ? வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பச்சைப் பாண்டம் உலராது. சூளையும் மூட்ட இயலாது. ஊரெல்லாம் விழாக் கொண்டாட, அவ்விழாவுக்கு அகல் செய்து கொடுப்பவன் வீட்டில் அடுப்பு மந்தமாக எரியும். ஆடி ஆவணியிற் சுட்டு வைத்த சாதாரணத் தொட்டிகளை மழை நாட்களில் வீட்டினுள் அமர்ந்தே வர்ணந் தீட்டிப் பண்டிகைப் பொருளாக்கினால், திரிகை நின்ற பின்னும் கை நில்லாது. இதுவே எமது பேச்சின் சாரம்.

பாண்டத்தில் ஓவியந் தீட்டுவது நமக்குப் புதிதன்று. கொங்கு நாட்டுக் கொடுமணல் அகழாய்வில் செந்நிறப் பூச்சும் வெண்கோட்டுச் சித்திரமும் உடைய பாண்டங்கள் கிடைத்துள்ளன. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும், கடலூர் வண்டிப்பாளையத்திலும் மண் பொம்மைக்கு வர்ணம் எழுதும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. மானாமதுரை மண்பாண்டம் 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. கரிகாலனது வெண்ணிப் போரைப் பாடிப் புறநானூற்றில் இடம்பெற்ற வெண்ணிக்குயத்தியார் நம் மரபினர். தில்லையில் அடியார்க்குத் திருவோடு அளித்து வந்த திருநீலகண்ட நாயனாரும் நம் மரபினரே. இப்பெருமைகளை ஆண்டு விழாவிற் பேசிக் கைதட்டுகின்றோம். வீட்டுக்குச் சென்று நெகிழித் தோரணத்தைக் கட்டுகின்றோம்! இது பொருந்துமோ?

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, தொட்டியைத் தெரிந்தெடுத்தல். விரலாற் சுண்டினால் கணீரென ஒலிப்பது நன்கு வெந்தது. மந்தமாக ஒலிப்பது கீறலுடையது அல்லது சரியாக வேகாதது. 8, 6, 4 அங்குல வாயகலமுள்ள தொட்டிகளும், 2 அங்குலச் சிறு தொட்டிகள் சிலவும், சில தட்டங்களும் போதுமானவை. தேங்காய் நாரினால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்துக. ஈரம் முற்றும் நீங்கியதோவென அறிய, இரவில் ஒரு பித்தளைத் தட்டின்மேல் தொட்டியைக் கவிழ்த்து வைத்து விடியலில் எடுத்துப் பார்க்கலாம். தட்டிற் பனித்தாற்போல் ஈரம் படிந்திருப்பின் இன்னும் உலர்த்தவேண்டும். மண் பாண்டம் நுண்துளைகள் நிறைந்தது. உள்ளே தங்கிய நீர் வெளிவரும்போது உப்பையும் உடன் கொணர்ந்து வர்ணத்தைக் கொப்புளித்து உரித்துவிடும். வர்ணம் உதிர்கின்றது எனப் பலரும் கூறுங் குறை வர்ணத்தின் குற்றமன்று, அவசரத்தின் குற்றமேயாகும்.

இரண்டாவது, அடிப்பூச்சு. உப்புத்தாளினால் மேற்புறத்தை இலேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுக. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்து அரைத்துக் கொதிக்கவைத்தால் நல்ல பசை கிடைக்கும். அதனுடன் சீமைச் சுண்ணாம்புப் பொடியைக் குழைத்து மெல்லிதாக இருமுறை பூசுக. முதற்பூச்சு உலர்ந்த பின்னரே இரண்டாவது பூசுதல் வேண்டும். நம் பாட்டியர் பொம்மைக்குச் செய்த முறை இது.

மூன்றாவது, வர்ணம். செங்காவி, மஞ்சட்காவி, விளக்குக்கரி, நாமக்கட்டி ஆகிய நான்கையும் வேலம்பிசின் நீரிற் குழைத்தால் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெண்மை என்னும் நான்கும் கிடைக்கும். கூதிர்காலத்துச் செவ்வந்திக்கும் செண்டுமல்லிக்கும் இவற்றைவிடப் பொருத்தமான வர்ணம் வேறில்லை. கடைச் சாயம் வாங்குவோர் ஈயம் கலவாததா எனப் பார்த்து வாங்குக. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென 2016ஆம் ஆண்டு வகுத்த விதி, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் பழைய டப்பாக்களை மிச்சம் பிடித்துப் பயன்படுத்தல் வேண்டா. பண்டிகைப் பொருளைக் குழந்தைகள் தொடுவர். தொட்ட விரலை வாயில் வைப்பர்.

இனி நான்கு எளிய அலங்காரங்களைக் கூறுகின்றோம்.

விளக்குத் தூண்: 8 அங்குலத் தொட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் 6 அங்குலத்தையும், அதன்மேல் 4 அங்குலத்தையும் கவிழ்த்து அடுக்குக. அடித்துளைகள் மூன்றும் நேராக அமையுமாதலின், ஒரு மூங்கிற் கழியை ஊடே செருகினால் தூண் அசையாது. கழியை உச்சித் தொட்டியின் மட்டத்தில் அறுத்துவிட்டு, மேலே ஒரு தட்டமும் அதில் அகலும் வைக்கலாம். அகலுக்கு மட்டும் வர்ணம் பூசலாகாது. எண்ணெய் ஊறி வர்ணம் கருகும்.

தொட்டிப் பாவை: 6 அங்குலத் தொட்டியைக் கவிழ்த்தால் அது பாவாடை. அதன் அடியோடு அடி பொருந்த 4 அங்குலத் தொட்டியை நிமிர்த்தி வைத்தால் அது முகம். இரண்டு துளைகளினூடும் சணற்கயிற்றைக் கோத்து, மேலும் கீழும் சிறு குச்சியிட்டு இறுக்கிக் கட்டுக. சிறு தொட்டிகளைக் கயிற்றிற் கோத்துத் தொங்கவிட்டால் கைகள் ஆகும். முகத்தொட்டியின் வாயிற் கோழிக்கொண்டைப் பூவைச் செருகினால் அதுவே கொண்டை! குழந்தைகள் மிகவும் விரும்புவர்.

முளைத்தொட்டி: வர்ணந் தீட்டிய தொட்டியில் நேரே மண்ணிட்டு நீர் ஊற்றினால் வர்ணம் கெடும். ஆதலின் வர்ணமிடாத சிறு தொட்டியை உள்ளே வைத்து, அதில் நவதானியம் விதைக்கவேண்டும். பிரதமைக்கு முதல்நாள் விதைத்தால் நவமியன்று பசும்பயிர் தழைத்து நிற்கும். நம் அம்மன் கோயில் முளைப்பாரியின் சிறு வடிவம் இது.

கொலுப் படி: ஓரளவாகிய தொட்டிகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் பலகை இட்டால் படி அமையும். முதற்படிக்கு ஓரடுக்கு, அடுத்ததற்கு ஈரடுக்கு என உயர்த்தலாம். விழா முடிந்தபின் அத்தொட்டிகளிற் செடி வைக்கலாம். பரணில் இடம் தேடவேண்டியதில்லை.

இத்தொட்டிகள் உடைந்தால் மண்ணோடு மண்ணாகும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அத்தகையதன்று. நீர்நிலைகளிற் கரைக்குந் திருவுருவங்களை அதனாற் செய்யலாகாதென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ஆம் ஆண்டில் நெறி வகுத்தது. கொலுப் பொம்மை நீரிற் கரைக்கப்படுவதன்றாயினும், உடைந்தால் அதுவும் குப்பையிற் சேர்வதே.

சகோதரிகளே! வருவாயைப் பற்றியும் ஒருசொல். நம் வீடுகளில் மண் பிசைவதும், பாண்டம் உலர்த்துவதும், வர்ணம் எழுதுவதும் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் விலை கூறும்போது மண், விறகு, வண்டிக்கூலி ஆகியவற்றைக் கணக்கிடுகின்றோமே தவிர, பெண்ணின் கைக்கூலியைக் கணக்கிற் சேர்க்கும் வழக்கமில்லை. இனிச் சேர்க்கவேண்டும். ஒரு தொட்டிக்கு எத்தனை நாழிகை சென்றது எனக் குறித்து வைத்து, அதற்குரிய கூலியை விலையில் ஏற்றுக. இரக்கத்தினால் வாங்குங்கள் என நாம் யாரையும் வேண்ட வேண்டுவதில்லை. அழகினாலும் உறுதியினாலும் வாங்கச் செய்தல் வேண்டும்.

மண் கிடைக்கவில்லை எனுங் குறைக்கும் ஓரளவு பரிகாரம் பிறந்துள்ளது. ஏரி, குளங்களின் களிமண்ணை மண்பாண்டத் தொழிலாளர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி வழங்கும்படி 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசினர் விதியைத் திருத்தினர். மனு எழுதத் தெரியாத முதியோர்க்கு நம் படித்த இளைஞர்கள் எழுதிக் கொடுப்பது கடமையாகும். தொழிலை விட்டு உத்தியோகத்துக்குச் சென்றதில் குற்றமில்லை. யாமும் அவ்வாறு சென்றவரே. சென்றவர், நின்றவரை மறப்பதே குற்றம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு நவராத்திரியில் நம் சங்கத்தார் இல்லம் ஒவ்வொன்றிலும் நம் மரபினர் திரிகையிற் பிறந்த ஒரு தொட்டியேனும், வீட்டுச் சிறுவர் கையால் வர்ணம் பெற்றுக் கொலுவில் அமர்தல் வேண்டும். எம் இல்லத்தில் அதற்கான ஏற்பாடு தொடங்கிவிட்டது. சென்ற மாதம் எம் தகப்பனார், பல ஆண்டுகட்குப் பின் திரிகையைத் துடைத்து எண்ணெயிட்டு, பேத்தியை அருகில் இருத்தி நான்கு தொட்டிகள் வனைந்தார். ஒன்று சற்றே கோணியது. அதையே முதற்படியில் வைக்கவேண்டுமென்று குழந்தை பிடிவாதம் செய்கின்றாள். வைக்கவே போகின்றோம். "உங்கள் தாத்தா செய்தது எது?" என இவ்வாண்டு யார் வினவினும், அவள் விரலை நீட்டிக் காட்டுவாள்.