யார் செலவில் இந்தக் கோடைப்பணி?

(சட்டம் பயிலும் மாணவர்களின் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அமெரிக்க நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் மாணவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்துவிடுவதில்லை. பத்து வார அளவுக்கு எங்கேனும் சென்று பணி பயில்கிறார்கள். ஒரு சாரார் நியூயார்க் போன்ற நகரங்களின் பெரும் வழக்கறிஞர் நிறுவனங்களை நாடுகிறார்கள். மற்றொரு சாரார், சிவில் உரிமைக்காக வழக்காடும் இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்குச் செல்கிறார்கள். இந்த இரண்டாவது சாராரைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். அவர்கள் செய்வது என்ன, அதனால் விளைந்தது என்ன, அந்தப் பத்து வாரமும் அவர்களுக்குச் சோறு போடுவது யார்? என் நாட்டமெல்லாம் அந்த மூன்றாவது கேள்வியின்மீதுதான். ஆனால் முதலிரண்டையும் சொல்லாமல் அதற்கு வர இயலாது.

மாணவன் என்ன செய்துவிட முடியும்? சன்னது பெறாதவன், நீதிபதியின் முன்னின்று வாய் திறக்க உரிமையற்றவன், கட்டுகளைச் சுமந்துகொண்டு மூத்த வழக்கறிஞரின் பின்னே நடப்பவன். இப்படி எண்ணுவோர் பலர். அவர்களை 1963ஆம் ஆண்டின் மிசிசிப்பி மாநிலத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அங்கே மக்கள்தொகையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவர்களுள் வாக்களிக்கும் வயதுடையோரில் பட்டியலில் இடம்பெற்றவரோ நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை! சட்டம் தடுத்ததா? சட்டம் வெளிப்படையாகத் தடுக்கவில்லை. மாநில அரசியலமைப்பில் 285 பிரிவுகள். அவற்றுள் ஏதேனும் ஒன்றைக் காட்டி, "படி, பொருள் சொல்" என்பார் பதிவு அலுவலர். சொன்ன பொருள் சரியா, தவறா என்று தீர்ப்பளிப்பவரும் அவரே. கற்றறிந்த கறுப்பின ஆசிரியர் தவறிவிடுவார். கையெழுத்துப் போடத் தடுமாறும் வெள்ளையர் தேறிவிடுவார். இந்தக் கொடுமையை எதிர்த்து வழக்காட அன்று அந்த மாநிலத்தில் துணிந்து நின்ற கறுப்பின வழக்கறிஞர்கள் ஜெஸ் பிரவுன், கார்சி ஹால், ஜாக் யங் ஆகிய மூவரே. ஒரு மாநிலம் முழுவதற்கும் மூவர்!

அந்தக் கோடையில் யேல் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவி ஒருவர் அங்கே சென்றார். எலினோர் ஹோம்ஸ் அவர் பெயர். பின்னாளில் எலினோர் ஹோம்ஸ் நார்ட்டன் என அறியப்பட்டவர். ஜாக்சன் நகரில் அவரை வரவேற்ற மெட்கர் எவர்ஸ், தம்முடனேயே தங்கிப் பணியாற்றும்படி வற்புறுத்தினார். அவரோ கிரீன்வுட் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். அன்று நள்ளிரவு கடந்ததும், ஜூன் 12ஆம் நாள், எவர்ஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நேரத்தில் வினோனா ஊர்ச் சிறையில் ஃபேனி லூ ஹேமரும் அவருடைய தோழர்களும் குருதி சொட்ட அடிக்கப்பட்டுக் கிடந்தனர். விசாரிக்கச் சென்ற தோழரும் சிறைப்பட்டார். அடுத்துச் செல்லவேண்டியவர் இந்த மாணவி. அவர் என்ன செய்தார் தெரியுமா? கிரீன்வுட் காவல்துறைத் தலைவரிடம் நேரே சென்று, தாம் வினோனாவுக்குப் போவதை அவ்வூர்க் காவலருக்கு முன்கூட்டியே தெரிவிக்கும்படி கேட்டார். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் 'அறியாமல் நடந்தது' என்று ஒருவரும் கைகழுவ முடியாதபடி செய்துவிட்டுப் பிறகு போனார். சன்னது இல்லை, ஆனால் சட்டம் படித்த மூளை இருந்தது.

இத்தகைய வீரச் செயல்கள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலான மாணவர்களின் வேலை எழுத்துவேலை. தேவாலயத்து மரப்பலகையில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் உழவரிடம் கேட்டு எழுதவேண்டும்: பதிவு அலுவலகத்துக்கு எந்த நாள் சென்றீர்? மறித்தவர் யார்? அவர் சொன்ன சொல் என்ன? திரும்பி வந்தபின் நிலத்தைவிட்டு வெளியேற்றியவர் எவர்? நாளும் பெயரும் இல்லாத துயரம் நீதிமன்றத்தில் செல்லாது. "எங்களை ஒடுக்குகிறார்கள்" என்ற ஓலத்தை ஒரு பிரமாணப் பத்திரமாக மாற்றுவது சலிப்பூட்டும் வேலை. தேநீர் ஆறிப்போகும் வேலை. அதைச் செய்ய இளைஞர்களின் பொறுமை வேண்டியிருந்தது. அந்தப் பணிக்கென்றே சட்ட மாணவர்கள் 1963இல் தங்களுக்குள் ஓர் அமைப்பையும் கண்டனர். அடுத்த ஆண்டுக் கோடையில் மிசிசிப்பியில் ஆயிரம் பேருக்கு மேல் கைதானபோது, மனுக்கள் எழுதக் கைகள் போதவில்லை.

1965 ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. மிசிசிப்பியில் நூற்றுக்கு ஏழுக்கும் குறைவாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967இல் அறுபதை எட்டும் நிலைக்கு உயர்ந்தது. உயிரைப் பணயம் வைத்துப் பதிவு அலுவலகப் படியேறிய ஏழை மக்களுக்கே இதன் பெருமை உரியது. அவர்கள் படியேறியதை ஏட்டில் ஏற்றியவர்களுக்கும் சிறு பங்கு உண்டு என்பேன்.

இனிச் சோற்றுக் கணக்குக்கு வருகிறேன்.

கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி என்ற அம்மையாரை நீங்கள் அறிந்திருக்கவேண்டும். கொலம்பியா சட்டக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோதே, 1945இல், தர்குட் மார்ஷல் நிறுவிய சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். இராணுவ நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்ட கறுப்பினப் படைவீரர்களின் வழக்குகளே முதலில் அவர் கைக்கு வந்தவை. பின்னர் உச்ச நீதிமன்றத்தில் பத்து வழக்குகளில் வாதாடி ஒன்பதில் வென்றார். 1966இல் கூட்டாட்சி நீதிபதியாக அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்மணியும் அவரே. அவருடைய தந்தை யேல் மாணவர் கழகங்களில் சமையற்காரர். மகளைக் கல்லூரிக்கு அனுப்பப் பணமில்லை. உள்ளூர்ச் சமூக மன்றம் ஒன்றில் அந்தப் பெண் துணிவோடு பேசியதைக் கேட்ட கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்னும் வெள்ளைச் செல்வர், படிப்புச் செலவை ஏற்றார். அந்தக் கூட்டத்துக்கு அவர் வராமலிருந்திருந்தால்? அப்படி ஒரு செல்வரின் காதில் விழாமல் அடுக்களையிலேயே அடங்கிப்போன குரல்கள் எத்தனை?

இன்றைய நிலையைப் பாருங்கள். பெரும் வழக்கறிஞர் நிறுவனங்கள் பல, ஆண்டுக்கு 2,25,000 டாலர் என்ற முதலாண்டு வழக்கறிஞரின் ஊதிய விகிதத்தையே கோடை மாணவனுக்கும் தருகின்றன. சிவில் உரிமை அமைப்புகளில் பலவற்றால் ஒரு டாலரும் தர இயலுவதில்லை. கல்லூரி மதிப்பெண்ணாவது கிடைக்கட்டும் என்றால், 2016 வரை அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதி குறுக்கே நின்றது: வெளியிடப் பணிக்கு மதிப்பெண் வாங்கினால் ஊதியம் வாங்கக்கூடாது! மதிப்பெண்ணுக்கோ கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும். ஆக, வேலையும் செய்து, வேலை செய்ததற்குப் பணமும் கட்டிய விந்தை அது. விதி நீங்கியது, வறுமை நீங்கவில்லை. வளமான கல்லூரிகள் கோடைக்கு உதவித்தொகை தருகின்றன. வேறு பல இடங்களில் மாணவர்களே ஆண்டுதோறும் ஏலம் நடத்துகிறார்கள். பேராசிரியர் வீட்டு விருந்தை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் தோழனைப் பொதுநலப் பணிக்கு அனுப்புகிறார்கள்! சிரிக்கத் தோன்றும், எனக்கோ அவர்களை வணங்கத் தோன்றுகிறது.

"தொண்டுக்குக் கூலியா?" என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பசித்தவன் கேட்டால் அது கூலி. புசித்தவன் துறந்தால் அது தியாகம்! வாடகை கட்ட வழியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டுமே தொண்டு செய்யலாம் என்றாகிவிட்டால், வெளியேற்றப்பட்ட குடியானவனின் மகள் தன் இனத்தின் வழக்கை என்று எழுதுவாள்?

அந்தச் சட்டப் பாதுகாப்பு நிதியமே 2021இல் மார்ஷல், மாட்லி இருவர் பெயராலும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஐம்பது மாணவர்கள்; படிப்புச் செலவு முழுவதும் நிதியத்துடையது; கோடைப்பணியும் அதனுள் அடக்கம். பட்டம் பெற்று, பயிற்சியும் முடித்தபின் எட்டு ஆண்டுகள் தென்மாநிலங்களில் இன நீதிக்காக வழக்காடவேண்டும் என்பதே நிபந்தனை. எட்டு ஆண்டு நீண்ட காலம் என்று முணுமுணுப்போர் உண்டு. மூவர் மட்டுமே நின்ற மிசிசிப்பியும் அந்தத் தென்மாநிலங்களில் ஒன்று.