கடலடியில் ஒரு பார்

மன்னார்க் கரையோர மக்களிடையே ‘பார்’ என்றொரு சொல் தொன்று தொட்டு வழங்கி வருகிறது. மணல் விரிந்த கடலடியில் இடையிடையே மேடிட்டு நிற்கும் கற்பாங்கான நிலமே பார் எனப்படும். அரிப்பும் சிலாவத்துறையும் முத்துக் குளிப்பினாற் பெற்ற புகழுக்கெல்லாம் அடிப்படை இப்பார்களேயாம். சிப்பிக் குஞ்சு பற்றி வளர்வதற்கு உறுதியான பிடி வேண்டும். மணலில் வீழ்ந்த குஞ்சை நீரோட்டம் அடித்துச் செல்லும்; அன்றேல் மணலே மூடிவிடும்.

1902 இல் இக்கடலை ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், சிப்பிகள் ஆண்டுக்கணக்கில் அற்றுப் போவதற்கான காரணங்களுள் இதனையும் ஒன்றாகக் கண்டார். கல் முதலிய திண்ணிய பொருள்களைக் கடலடியில் இட்டுச் சிப்பிகளுக்குப் பற்றுக்கோடு அமைக்கலாம் என்றும் அவர் பரிந்துரைத்தார். செயற்கைப் பார் என்று இன்று உலகம் பேசும் கருத்து மன்னாருக்குப் புதியதன்று என்பது இதனால் விளங்கும்.

இக்கருத்துக்குக் கப்பல்களைப் பயன்படுத்திய நாடுகளும் உள. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவிலே, 1991 முதல் பழைய கப்பல்கள் திட்டமிட்டு மூழ்கடிக்கப்பட்டன. 1992 இல் ‘சோடியர்’ என்னும் போர்க்கப்பலும் அவ்வாறு கடலடி சேர்ந்தது. அக்கடல் மிகக் குளிர்ந்தது. நீர் உடலைத் தீண்டாத தனியுடை அணிந்தே சுழியோடிகள் ஆங்கு இறங்குவர். ஆயினும், இரும்புச் சுவர்களில் வெண்மலர்கள் பூத்தாற்போலக் கடற்சாமந்திகள் அடர்ந்திருக்கும் காட்சியைக் காண அவர்கள் நாடி வருகின்றனர். பீரங்கி தாங்கிய தளம் மீன்களுக்கு உறைவிடமாயிற்று. நம் நாட்டிலும், 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்களால் வீழ்த்தப்பட்ட ‘ஹேர்மிஸ்’ என்னும் போர்க்கப்பல் இன்று மீன்கள் வாழும் பாராகி நிற்கிறது.

அங்ஙனமாயின், கடலில் வீழ்ந்த கப்பல் யாவும் பாராகுமோ? ஆகா. 2021 இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயரளவில் முத்தைத் தாங்கிய அக்கப்பல் கரைக்குத் தந்ததோ பிளாஸ்ரிக் மணிகளையும் இறந்த கடலாமைகளையுமே. கனடாவில் எண்ணெய் வடித்து, மின்கம்பி களைந்து, சுழியோடி சிக்காவண்ணம் வழிகள் வெட்டிய பின்னரே கப்பலை மூழ்கடித்தனர். இரண்டுக்குமுள்ள வேறுபாடு இதுவே.

பொருளின் தன்மையும் நோக்கத்தக்கது. அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1970களில் ஏறத்தாழ 20 இலட்சம் பழைய டயர்களைக் கட்டுக் கட்டாகக் கடலில் இட்டனர். கட்டுகள் அறுந்தன. டயர்கள் அலைகளோடு உருண்டு, அருகிலிருந்த இயற்கைப் பவளப் பாறைகளைச் சிதைத்தன. பார் அமைக்கப் புகுந்தோர் பாரை அழித்த கதை இது.

2021 ஜூன் மாதத்தில், பாவனையிலிருந்து கழிக்கப்பட்ட பஸ்கள் நெடுந்தீவை அண்டிய கடலில் இறக்கப்பட்டபோது தமிழகக் கரை மீனவர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். மீன் பெருகுமென்பது ஒரு சாரார் வாதம். கடல் கெடும், வலை கிழியும் என்பது மறு சாரார் வாதம். இருகரையிலும் பேசப்படுவது ஒரே மொழி. இருகரையிலும் உலை ஏறுவது ஒரே கடலை நம்பியே. ஆதலின் இதனை உணர்ச்சியால் அன்றி ஆராய்ச்சியால் தீர்த்தலே முறை. கப்பலின் கனத்த இரும்பு நெடுங்காலம் நிற்கும். பஸ்ஸின் மெல்லிய தகடு விரைவில் துருப்பிடிக்கும். சீமெந்தினால் வார்த்த பார்களைத் தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவின் அருகே இட்டிருப்பதும் கருதத்தக்கது.

இன்னுமொன்று உண்டு. புதிய பார் மீனை ஓரிடத்திற் கூட்டும். கூடிய மீனையெல்லாம் அன்றே அள்ளிவிட்டால் பெருக்கம் ஏது? கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடியை இலங்கை 2017 இற் சட்டத்தால் தடை செய்தது. அத்தடை நடைமுறையில் நிலைக்காவிடின், ஆயிரம் பார் அமைத்தும் பயனில்லை.

இவற்றைக் கண்டறிந்து சொல்லத் தக்கவர் யார்? கடலடியைக் கண்ணாற் காண்பவரே. முற்காலத்தில் மன்னார்ச் சுழியோடி கல்லைக் காலிற் கட்டி, ஒரு மூச்சில் இறங்கி மீண்டான். இன்று சங்குக்கும் கடலட்டைக்கும் காற்றுக்கலம் சுமந்து இறங்குகின்றனர். 10 மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். அவ்வழுத்தத்தில் நைதரசன் குருதியிற் கரையும். விரைந்து மேலெழுந்தால் அது குமிழிகளாகி மூட்டுகளை முடக்கும், உயிரையும் வாங்கும். கூலிக்காக ஒரே நாளிற் பன்முறை மூழ்கும் இளைஞன் இக்கணக்கை அறியாதிருப்பது கொடுமையன்றோ?

பேசாலையிலும் வங்காலையிலும் சிலாவத்துறையிலும் உள்ள இளஞ்சுழியோடிகளுக்கு முறையான பயிற்சி கிடைக்குமாயின், அவர்கள் உயிரும் காக்கப்படும். பார்களின் நலனை அளந்து கூறும் காவலராகவும் அவர்கள் விளங்குவர். கடலடியில் எதை இடுவது என்று தீர்மானிக்குமுன், அங்கு இறங்கிப் பார்த்தவனைக் கேட்பதே அறிவுடைமை.