கருக்கலைப்பு உரிமை: நீதிமன்ற வாயிலில் நிறுத்தப்படும் பெண்கள்

(டில்லியில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் டாப்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பு வழியாக அந்நாட்டுப் பெண்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பெற்றிருந்த கருக்கலைப்பு உரிமை அன்று பறிக்கப்பட்டது. மூன்று மாதங்கள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, நமது உச்சநீதிமன்றம் வேறொரு தீர்ப்பை வழங்கியது. 24 வாரம் வரை பாதுகாப்பான கருக்கலைப்பைப் பெறுவதில் மணமான பெண், மணமாகாத பெண் என்று பாகுபாடு காட்டலாகாது என்றது அத்தீர்ப்பு. அமெரிக்கா பின்னோக்கிப் போகிறது, இந்தியா முன்னோக்கி நடக்கிறது என்று அந்த வாரம் பல ஏடுகள் எழுதின. நமது தோழர்கள் சிலரும் அவ்வாறே பேசினர். நானும் அன்று மகிழ்ந்தவர்களுள் ஒருத்திதான்.

அந்த மகிழ்ச்சி குறைந்தது, சட்டத்தைத் தமிழாக்க அமர்ந்தபோது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீண்ட ஆங்கில வாக்கியம் எதிர்ப்பட்டால் முதலில் அதன் எழுவாயைத் தேடுவோம். 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தின் உயிர்நிலை அதன் மூன்றாம் பிரிவு. அப்பிரிவு கூறுவதன் சாரம் இது: இச்சட்டத்தின் விதிகளுக்கு இணங்கக் கருவைக் கலைக்கும் பதிவுபெற்ற மருத்துவர் குற்றவாளி ஆகார். இந்த வாக்கியத்தின் எழுவாய் மருத்துவர். பெண் இதில் எழுவாயும் அல்லள், செயப்படுபொருளும் அல்லள். ஒரு பெண் தன் கருவைக் கலைத்துக்கொள்ள உரிமை உடையவள் என்னும் வாக்கியத்தைச் சட்டம் முழுவதிலும் தேடினேன். கிடைக்கவில்லை.

கர்ப்பிணியின் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கக் கூடாது என்று ஓர் உட்பிரிவு உள்ளது. அது மதிப்புமிக்க பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரத்தையே அது தருகிறது. வேண்டும் என்று கேட்டுப் பெறும் அதிகாரம் பெண்ணிடம் இல்லை. அது மருத்துவரின் கருத்தில் தங்கியிருக்கிறது.

சட்டம் ஏன் இப்படி அமைந்தது? 1860இல் பிரிட்டிஷார் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, பெண்ணின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைச் சிதைப்பதைக் குற்றமாக்கியது. மூன்று ஆண்டு வரை சிறை; கரு அசைவு கண்டபின் என்றால் ஏழு ஆண்டு வரை. தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே என்று அதற்கு விளக்கமும் எழுதி வைத்தார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இக்குற்றத்தை நீக்கவில்லை. அதிலிருந்து மருத்துவருக்கு ஒரு விலக்கு மட்டும் அளித்தது. காலனிய அடிமைத்தனத்தை ஒழிக்கிறோம் என்ற முழக்கத்தோடு ஒன்றிய அரசு கொண்டுவந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய 312 அதில் 88ஆம் பிரிவாக, ஏறத்தாழ சொல் மாறாமல் இடம்பெற்றுள்ளது. மாறியது எண்தான்.

1971இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தை இயற்றியபோது நாட்டில் வலுவான பெண்ணுரிமைக் கிளர்ச்சி ஏதும் அதற்காக நடக்கவில்லை. சாந்திலால் ஷா தலைமையில் 1964இல் அமைக்கப்பட்ட குழு 1966இல் அறிக்கை தந்தது. கள்ளத்தனமாக நடக்கும் கருக்கலைப்புகளில் பெண்கள் மாண்டு வருவதை அக்குழு கவனத்தில் கொண்டது உண்மை. அதே வேளையில் ஆட்சியாளர்களின் மனத்தில் இருந்தது மக்கள்தொகைக் கட்டுப்பாடு. மணமான பெண்ணோ அவள் கணவனோ கையாண்ட கருத்தடை முறை பலனளிக்காவிட்டால் கருவைக் கலைக்கலாம் என்று சட்டம் இடமளித்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். இதே ஆட்சியாளர்கள் நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும், 80 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அவர்களுள் ஏழைகளே மிகுதி. பெண்ணின் உடல் குறித்த முடிவைப் பெண்ணிடம் விட அரசு அன்றும் விரும்பவில்லை.

2021 திருத்தம் சில முன்னேற்றங்களைத் தந்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு மட்டும், இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். கணவன் என்ற சொல் இருந்த இடத்தில் இணையர் என்ற சொல் வந்தது. 24 வாரத்தைக் கடந்தால், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் மட்டுமே அனுமதி. வாரியம் என்ற இன்னொரு எழுவாய் இப்போது சேர்ந்துகொண்டது.

இனி, 2022 தீர்ப்புக்குக் காரணமான வழக்கைப் பாருங்கள். மணிப்பூரைச் சேர்ந்த, டில்லியில் வசித்த 25 வயது மணமாகாத பெண், விவசாயக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். உடன் வாழ்ந்தவர் திருமணத்திற்கு மறுத்துவிட்டார். 24 வாரக் கெடு முடியச் சில நாட்களே இருந்த நிலையில் டில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினார். விதிகளில் விதவையும் மணவிலக்குப் பெற்றவரும் உண்டு, மணமாகாதவர் இல்லை என்று 2022 ஜூலை 15 அன்று உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. விசாரணையில், பெற்றுத் தத்துக் கொடுத்துவிடலாமே என்ற யோசனையும் நீதிபதிகள் தரப்பிலிருந்து வந்தது. ஜூலை 21இல் உச்சநீதிமன்றம் இடைக்கால அனுமதி வழங்கியது. பின்னர் நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு விரிவான தீர்ப்பை எழுதியது. கணவனின் வல்லுறவால் உண்டான கருவும் இச்சட்டத்தின் நோக்கில் வல்லுறவால் உண்டானதே என்றது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறைக்கு வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று மருத்துவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. இவை நாம் பற்றிக்கொள்ள வேண்டிய வெற்றிகள். இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் ஓராண்டு கடந்து, 2023 அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். 27 வயதான பெண். இரு குழந்தைகளின் தாய். இளைய குழந்தைக்குப் பாலூட்டிக் கொண்டிருந்ததால் மாதவிலக்கு வராததை இயல்பென்றே கருதியிருந்தார். கருவுற்றது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து உட்கொண்டு வந்தார். அக்டோபர் 9 அன்று நீதிபதிகள் ஹிமா கோலி, நாகரத்னா அமர்வு அனுமதி அளித்தது. மறுநாளே ஒன்றிய அரசு தலைமை நீதிபதியிடம் சென்றது. அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும் என்றது. 11ஆம் தேதி அமர்வு இரண்டாகப் பிரிந்தது. நீதிபதி கோலி அனுமதிக்க மனம் ஒப்பவில்லை என்றார். நீதிபதி நாகரத்னாவோ, அப்பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்று தம் முந்தைய உத்தரவில் உறுதியாக நின்றார். 16ஆம் தேதி மூவர் அமர்வு அனுமதியை மறுத்தது. மகப்பேற்றுச் செலவை அரசு ஏற்கும், வேண்டுமானால் தத்துக் கொடுக்கலாம் என்றது. இந்த அமர்வில் 2022 தீர்ப்பை எழுதிய நீதிபதிகள் இருவர் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம், தோழர்களே! ஒரு பெண்ணுக்கு ஒரு வாரத்தில் உரிமை வந்தது, தொங்கியது, போனது. அந்த ஒரு வாரம் அவர் எப்படி உறங்கினார், எவற்றை நினைத்திருப்பார் என்பதற்கு எந்த உத்தரவிலும் இடமில்லை.

2024 ஜனவரியில் இதுவே திரும்ப நடந்தது. கணவனை இழந்த இளம் பெண்ணுக்கு டில்லி உயர்நீதிமன்றம் அளித்த அனுமதியையும் ஒன்றிய அரசின் மனுவின்மேல் அதே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. பிறவாக் குழந்தையின் உரிமை என்ற பேச்சு இவ்வழக்குகளின் வாதங்களில் வந்துவிட்டது. அமெரிக்காவில் பிற்போக்குச் சக்திகள் ஐம்பது ஆண்டுக்காலம் பொறுமையாக வளர்த்த பேச்சு இது. நமது சட்டத்தில் அதற்கு வேர் இல்லை. ஆனால் அரசின் வழக்கறிஞரே அதற்கு நீர் ஊற்றினால் வேர் பிடிக்க எவ்வளவு நாளாகும்?

இதன் அரசியலையும் பார்க்க வேண்டும். 2021இல் உத்தரப்பிரதேச மாநிலச் சட்ட ஆணையம் இரு குழந்தைக்கு மேல் உள்ளவர்களுக்குச் சலுகைகளை மறுக்கும் மசோதா வரைவை வெளியிட்டது. அதன் குறி யார் என்பது எல்லோருக்கும் தெரியும். 2024 டிசம்பரில் ஆர்எஸ்எஸ் தலைவர் மோகன் பாகவத் மூன்று குழந்தைகள் வேண்டும் என்று நாகபுரியில் பேசினார். முரண்பாடு போலத் தோன்றும், முரண்பாடே இல்லை. எந்தப் பெண் எத்தனை பெற வேண்டும் என்பதை வகுக்கும் அதிகாரம் தங்களுடையது என்பதே இரண்டின் பொருளும். நமது பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தொகுதி மறுவரையறையில் தமிழகத்திற்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்க்கிறோம். அது நியாயமான போராட்டம். ஆனால் அதற்காகப் பதினாறும் பெறுவோம் என்று 2024இல் முதலமைச்சர் மேடையில் பேசியது, வேடிக்கைக்காகவே என்றாலும், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாடாளுமன்ற இடங்களின் கணக்கைப் பெண்ணின் கருப்பையில் தீர்க்க முடியாது.

நமது இயக்க வரலாற்றிலும் மறைக்கக் கூடாத ஒரு பக்கம் உண்டு. கருக்கலைப்பைத் தண்டிக்கும் சட்டங்கள் அனைத்தும் நிபந்தனையின்றி நீக்கப்பட வேண்டும் என்று லெனின் 1913இலேயே எழுதினார். 1920இல் சோவியத் ரஷ்யா உலகில் முதன்முதலாகக் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கி, மருத்துவமனையில் இலவசமாகச் செய்ய வழிவகுத்தது. 1936இல் அதே அரசு அதைத் தடை செய்தது. 1955இல்தான் தடை நீங்கியது. 1920ஐ மட்டும் சொல்லி 1936ஐ விட்டுவிடுவது நேர்மையாகாது. பெண்ணின் உரிமை பிறப்பு விகிதத்திற்குக் கீழ்ப்பட்டதென்று எந்த அரசு கருதினாலும் நடப்பது இதுதான்.

நீதிமன்றம் வரை வந்த பெண்களைப் பற்றியே இதுவரை பேசினேன். அவர்கள் மிகச் சிலர். லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம். அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரைகளால் நடந்தவை. கிராமப்புறச் சமுதாய நலவாழ்வு மையங்களில் இருக்க வேண்டிய மகப்பேறு மருத்துவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இல்லை என்று ஒன்றிய அரசின் 2021-22 புள்ளிவிவரமே கூறுகிறது. இரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கே ஒருவரும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். தென்டில்லியில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண். வீட்டு வேலைக்குப் போதிய இந்தி அறிவார். மருத்துவமனையில் வாதாடப் போதாது. ஆகவே என்னைத் துணைக்கு அழைத்தார். மூன்றாவது கரு, ஒன்பது வாரம். முதல் நாள் கணவரின் கையொப்பம் கேட்டார்கள். கணவர் ஊருக்குப் போயிருந்தார். சட்டத்தில் அப்படி இல்லையே என்றேன். இங்கே வழக்கம் இதுதான் என்றார்கள். இரண்டாம் நாள், கூடவே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கும் ஒப்புக்கொண்டால் செய்கிறோம் என்றார்கள். இரு நாள் கூலி போயிற்று. ஒரு வீட்டில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை அவர் என்னை அழைக்கவில்லை. கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டார். ஒரு வாரம் கழித்து இரத்தப்போக்கோடு, நள்ளிரவில், அதே மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அலுவலகத்தில் அமர்ந்து சட்டத்தை மொழிபெயர்த்தவள், அந்தச் சாளரத்தின் முன்னே வாயடைத்து நின்றேன்.

பெண்சிசுக் கருக்கொலையைத் தடுக்க வேண்டாமா என்று தோழர்கள் கேட்பதுண்டு. வேண்டும். அதற்கு 1994ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. அது கருவின் பாலினம் அறிதலைத் தடை செய்கிறது. குற்றம் பாலினத் தேர்வில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அதிகாரிகள் கெடுபிடி செய்வதால், பல இடங்களில் மருந்துக்கடைகள் கருக்கலைப்பு மாத்திரையை வைப்பதையே விட்டுவிட்டன. அல்ட்ராசவுண்டில் பாலினம் தெரிய வாய்ப்பே இல்லாத ஏழு, எட்டு வாரத்திலும் பெண்கள் அலைகிறார்கள்.

கிளைகளில் உடனே செய்யக்கூடியவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய கையொப்பம் மட்டும் போதும். கணவர், தந்தை, மாமியார் எவர் கையொப்பமும் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்க்கும் மனநோய் உள்ளவர்க்கும் மட்டுமே பாதுகாவலர் கையொப்பம் வேண்டும். கருத்தடை அறுவையையோ காப்பர்-டியையோ நிபந்தனையாக்க எவருக்கும் அதிகாரமில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வாரக் கணக்கே பொருந்தாது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்; நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். விதிகளில் உள்ள சம்மதப் படிவமான படிவம் சி-யைத் தமிழில் ஆக்கி வைத்திருக்கிறேன். முப்பது படிகள் கொண்டுவந்துள்ளேன். தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள்.