முன்பு சிசேரியன் ஆனவரா? நஞ்சுக்கொடியைக் கவனியுங்கள்



பிள்ளை பிறந்தபின் நஞ்சுக்கொடி தானாகக் கழன்று வெளியே வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால், முன்பு சிசேரியன் செய்த தழும்பின்மீது அது வளர்ந்தால், கருப்பைச் சுவரில் வேர்விட்டதுபோல் ஒட்டிக்கொள்ளலாம். அதைப் பிய்த்தெடுக்க முயன்றால், உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு ஏற்படும்.

சிசேரியன் எண்ணிக்கை கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். நஞ்சுக்கொடி கருப்பை வாயையும் மூடியிருந்தால், முன்பு ஒரு சிசேரியன் செய்தவர்களில் 100 பேரில் சுமார் 11 பேருக்கும், இரண்டு செய்தவர்களில் சுமார் 40 பேருக்கும் இது ஏற்படலாம்.

உங்கள் மகளோ மருமகளோ மீண்டும் கர்ப்பமானால், முந்தைய சிசேரியனைப் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். 20ஆம் வார ஸ்கேனைத் தவறவிடக்கூடாது. வலியில்லாமல் இரத்தம் பட்டாலும், ‘உடல் சூடு’ என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் 995ஐ அழையுங்கள்.

முன்கூட்டியே தெரிந்தால், பொதுவாக 34 முதல் 36 வாரத்துக்குள், இரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, மருத்துவர்கள் குழுவாகச் சிசேரியன் செய்வார்கள். பல நேரங்களில் கருப்பையையும் அகற்ற வேண்டியிருக்கும். அப்போது, “இனிப் பிள்ளை பிறக்காதே” என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள். தாய் உயிருடன் வீடு திரும்புவதே பெரிது.