குறுக்குக் கம்பமும் மாரியப்பன் தங்கவேலுவும்

விளையாட்டுகளுள் சில, வீரரின் செயலோடு அச்செயலின் தோற்றத்துக்கும் மதிப்பெண் வழங்குகின்றன. வேறு சில, அளவுகோலை மட்டுமே நம்புகின்றன. பனிச் சரிவில் சறுக்கி வந்து, மேடையின் நுனியிலிருந்து காற்றில் பாய்ந்து, தொலைவில் தரையிறங்கும் பனிச்சறுக்குத் தாண்டுதல் முதல் வகையைச் சேர்ந்தது. சுவீடன் நாட்டின் யான் பொக்லேவ் 1980களில் சறுக்குப் பலகைகளை இணையாக வைக்காமல் முன்புறம் விரித்துப் பறந்து நெடுந்தொலைவு கடந்தும், அத்தோற்றம் மரபுக்கு மாறானது என்பதால் நடுவர்களிடம் மதிப்பெண் இழந்தார். ஆயினும் 1988-89 பருவத்தின் உலகக் கோப்பையை வென்றார், சில ஆண்டுகளில் பிறரும் அவர் முறைக்கே மாறினர்.

உயரம் தாண்டுதலில் அந்தத் தடை இல்லை. ஒற்றைக் காலால் எழும்ப வேண்டும், குறுக்குக் கம்பம் விழாதிருக்க வேண்டும், தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும் என்னும் அளவில் விதிகள் நின்றுவிடுகின்றன. அந்த நேர்மையே ஒரு கிராமத்துச் சிறுவனுக்கு வழிவிட்டது.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் 1995இல் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலக்காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி நசுங்கி, அக்கால் வளர்ச்சி குன்றப்பெற்றார். தாய் சரோஜா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். மருத்துவத்துக்காக வாங்கிய கடன் அக்குடும்பத்தைப் பல ஆண்டுகள் அழுத்தியது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் தூண்டுதலால் தாண்டத் தொடங்கிய மாரியப்பன், 14 வயதில் உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். 2013இல் தேசியப் போட்டியில் அவரைக் கண்ட பயிற்சியாளர் சத்யநாராயணா, பின்னர் பெங்களூரில் அவருக்கு முறையான பயிற்சி அளித்தார்.

மாற்றுத்திறனாளர்களுக்கான பாராலிம்பிக்கில் வீரர்கள் உடற்குறையின் தன்மைக்கேற்ப வகுக்கப்படுகின்றனர். இன்றைய முறைப்படி டி42 என்பது கால் பாதிப்புடன் செயற்கைக் கால் இன்றிப் போட்டியிடுவோரின் வகை. டி63 என்பது முழங்காலிலோ அதற்கு மேலோ ஒரு காலை இழந்து, செயற்கைக் காலுடன் போட்டியிடுவோரின் வகை. உயரம் தாண்டுதலில் இவ்விரு வகையினரும் ஒரே களத்தில் மோதுகின்றனர் என்பதை அறிந்தால்தான், செயற்கைக் கால் அணியாத மாரியப்பனின் அளவுகள் எத்தகையவை என்பது விளங்கும்.

2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற அவர், பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் பெற்ற முதல் இந்தியரானார். தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் பரிசளித்தது. 2017இல் பத்மஸ்ரீயும் 2020இல் கேல் ரத்னாவும் கிடைத்தன. கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில், மழையில் நனைந்த காலுறை பாதிப்புற்ற பாதத்துக்கு இடையூறாக இருந்தபோதும் 1.86 மீட்டர் தாண்டினார், 1.88 மீட்டரை அமெரிக்காவின் சாம் குரூ தம் மூன்றாம் வாய்ப்பில் கடந்ததால் வெள்ளி அமைந்தது. ரியோவின் தங்கத்தைவிட இந்த வெள்ளியே அவருடைய திறனுக்கு வலிமையான சான்று எனலாம். முதல் வெற்றிக்குப் பிந்தைய ஐந்தாண்டுகளில் அவர் இழந்த உயரம் மூன்றே சென்டிமீட்டர்.

2024இல் ஜப்பானின் கோபேயில் 1.88 மீட்டருடன் உலக வாகையர் பட்டம் வென்று, அதே ஆண்டு பாரிசில் 1.85 மீட்டருடன் வெண்கலம் பெற்றபோது, தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்குகளிலும் பதக்கம் வென்றவரானார். அப்போட்டியில் அவருக்கு மேலே 1.88 மீட்டருடன் வெள்ளியில் நின்றவரும் இந்தியரே: பீகாரில் பிறந்த சரத் குமார்.