ஆற்றில் விடும் மீன் எந்த ஆற்று மீன்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குறளையும் சிலம்பையும் பற்றி அறிஞர் பலர் பேசிய மேடை இது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் பார்சல் ரசீது எழுதி வரும் ஒருவன் இங்கே நின்று மீனைப் பற்றிப் பேசப் போகிறான் என்றால் உங்களுக்கு நகைப்பு வரலாம். வரட்டும். ஆனால் நம் செயற்குழு, ஆண்டு விழாவை ஒட்டிக் கரமனையாற்றில் பத்தாயிரம் மீன் குஞ்சுகளை விடுவதென முடிவு செய்திருக்கிறது. அந்த நற்பணிக்கு ஐந்நூறு ரூபாய் தருவதாக முதலில் கையெழுத்திட்டவன் நான். அதைச் சற்று நிறுத்தி வைக்கும்படி இன்று உங்களை வேண்டி நிற்பவனும் நானே. அதன் காரணத்தைச் சொல்லவே வந்தேன்.

கேரளத்தில் 44 ஆறுகள் உள்ளன என்பர். அவற்றுள் 41 மேற்கே ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்று மட்டும் கிழக்கே திரும்பிக் காவிரியைச் சேர்கின்றன. இவற்றுள் பாம்பாறு மறையூர்ப் பக்கமாக இறங்கி, தூவானம் அருவியாக விழுந்து, சின்னாற்றோடு கூடி, அமராவதி அணைக்குள் புகுகிறது. குமரலிங்கத்தை அடுத்த ஓர் அமராவதிக் கரைச் சிற்றூரே எனக்குப் பிறந்த மண். பிழைப்பைத் தேடி நான் மலையாள நாட்டுக்கு வந்தேன்; நான் பிறந்து நீராடிய தண்ணீரோ மலையாள நாட்டிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தது! இங்கே வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே இதனை அறிந்தேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் ஊர் ஆற்றங்கரைக்கு ஒரு லாரி வந்தது. மேளம் முழங்கிற்று. பள்ளிப் பிள்ளைகளான எங்கள் கையில் ஆளுக்கொரு குடத்தைக் கொடுத்து, அதிலிருந்த மீன் குஞ்சுகளை ஆற்றில் ஊற்றச் சொன்னார்கள். குடத்தைக் கவிழ்த்தபோது அவை வெள்ளிப் பொடி போல் மின்னி மறைந்ததை இன்றும் மறக்கவில்லை. என்ன மீன், எந்த ஊர் மீன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மீன் என்றால் மீன்தானே என்று இருந்துவிட்டோம்.

மீன் என்றால் மீன்தான் என்பது தவறு என்பதற்குக் காவிரியே சாட்சி. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மகசீர் என்னும் பெருங்கெண்டை ஒன்று உண்டு. முதுகில் திமில் போன்ற மேடும் செம்மஞ்சள் நிறத் துடுப்பும் உடையது. ஒரு மனிதன் தூக்க மாட்டாத அளவுக்கு வளரும். 1946-இல் மைசூர்ப் பகுதியில், கபினியில், 120 ராத்தல் எடையுள்ள மகசீர் ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. 1873-இல் வெளியான ஓர் ஆங்கிலத் தூண்டில் நூலும் இத்திமில் மீனைப் பேசுகிறது. இத்தனை புகழ் இருந்தும், இதற்கு முறையான விஞ்ஞானப் பெயர் எது என்பது 2018 வரை முடிவாகவில்லை. புகழ் பெற்றவர்களைச் சரியாக விசாரிக்காமல் விட்டுவிடுவது நம் வழக்கம் போலும்!

இதற்கிடையே, மராட்டிய நாட்டு லோனாவலாவில் நீலத் துடுப்பு மகசீர் என்னும் வேறோர் இனத்தைப் பண்ணையில் பொரிக்க வைக்கும் கலை கைகூடிற்று. அக்குஞ்சுகள் பல மாநிலங்களின் ஆறுகளுக்கும் அனுப்பப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. நல்லெண்ணத்தில் குறைவில்லை. கர்நாடகத்தில் கலிபோரே என்னுமிடத்துத் தூண்டில் முகாமில், பிடித்த மீனை எடை பார்த்து, குறித்துக்கொண்டு, மீண்டும் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் பதிவாகியுள்ளன. அவற்றை ஆராய்ந்தவர்கள் கண்டது யாது? மகசீரின் மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. திமில் மீனோ அருகிக்கொண்டே வந்தது.

எங்கள் பார்சல் அலுவலகத்தில் இதற்கு ஒப்பான சங்கடம் ஒன்று உண்டு. பத்து மூட்டை வர வேண்டும். பத்து மூட்டை வந்திருக்கும். எண்ணிப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிடுவோம். உரியவர் வந்து பார்த்தால் மூட்டையின் மேலிருக்கும் மார்க்கா வேறொருவருடையதாக இருக்கும். காவிரியில் நடந்தது அதுவே. அணை, மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல் ஆகியவையும் திமில் மீனை வாட்டின என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கை மட்டும் பார்த்தவர்கள் ஆறு செழித்திருப்பதாகவே எண்ணியிருப்பர்.

2018-இல் நம் நாட்டாரும் அயல்நாட்டாருமான ஆராய்ச்சியாளர் சிலர், நீலகிரி அடிவாரத்து மோயாற்றில் கிடைத்த திமில் மீன்களின் மரபணுவை ஆராய்ந்தனர். நம் பாம்பாற்றில் கண்டு முன்னரே பெயரிடப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவி' என்னும் மீனும் இதுவும் ஒன்றே எனத் தெளிந்தது. மீனியல் அறிஞரான ரெமா தேவி என்னும் அம்மையாரின் பெயரைத் தாங்கிய மீன் அது. அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவின் விளிம்பில் நிற்கும் உயிராகப் பட்டியலில் சேர்த்தது. பெயர் கிடைத்ததும் அபாயப் பட்டியலில் இடம் கிடைத்ததும் ஒரே ஆண்டில்! அந்தச் செய்தியை என் மகள் படித்துக் காட்டிய அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கவிழ்த்த குடத்தில் இருந்தது எந்த மீன்? இனி எவரும் அதற்கு விடை சொல்ல இயலாது.

மரபணுவை எவ்வாறு அளக்கிறார்கள் என்று கேட்பீர்கள். விலங்கியல் படிக்கும் மகளே எனக்கு ஆசிரியை, பிழையிருந்தால் மாணவனுடையது. மீனைக் கொல்ல வேண்டுவதில்லை. துடுப்பில் நகக்கண் அளவு நறுக்கிச் சாராயச் சத்தில் இட்டுக்கொண்டு, மீனை ஆற்றில் விட்டுவிடலாம். அத்துணுக்கின் ஒவ்வோர் உயிரணுவிலும் நான்கே எழுத்துகளால் எழுதிய நீண்ட ஏடு ஒன்று உண்டு. அதில் ஒரு சிறு பகுதி தாயிடமிருந்து மட்டுமே வருவது. அது தாய்வழிக் குலத்தைக் காட்டிவிடும். ஏட்டின் மற்றைய சில இடங்களில் இரண்டொரு எழுத்துகளே அடுக்கடுக்காகத் திரும்பி வரும். தந்தை தந்த பிரதியில் பன்னிரண்டு முறையும், தாய் தந்த பிரதியில் பதினைந்து முறையும் வரலாம். இப்படி இரண்டும் வேறுபட்டிருக்கும் மீன்கள் நூற்றுக்கு எத்தனை, அந்த இடத்தில் எத்தனை வகைகள் உள்ளன, ஓர் ஆற்றின் கணக்குக்கும் மற்றோர் ஆற்றின் கணக்குக்கும் எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அளவை என்பது இதுதான். வேறுபாடு மிகுந்த கூட்டத்தில் நோய் வந்தாலும் நீர் சூடேறினாலும் தாக்குப்பிடிக்கச் சில மீன்களேனும் மிஞ்சும். நூறு வீட்டுக்கும் ஒரே பூட்டாயின் திருடனுக்கு ஒரு சாவி போதும்.

இனி ஒரு சிறு கணக்கு. குமாஸ்தாவுக்குக் கணக்கில்லாமல் பேச வராது. ஒரு பண்ணையில் 90 பெண் மீனும் 10 ஆண் மீனும் உள்ளன என்க. தலையை எண்ணினால் நூறு. ஆனால் ஆணையும் பெண்ணையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுப்பது விதி. 90-ஐ 10-ஆல் பெருக்கினால் 900. நான்கு மடங்கு 3,600. நூறால் வகுக்க 36. மரபின் கண்ணுக்கு அந்த நூறு மீன் 36 மீனே. ஐந்து ஆணும் ஐந்து பெண்ணும் மட்டும் வைத்துக் குஞ்சு பொரித்தால் விடை 10. அங்கே தலைமுறைக்கு நூற்றில் ஐந்து பங்கு வேறுபாடு கரைந்து போகும். நன்கு வளர்ந்த ரோகு ஒன்று ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாம் விடப்போகும் பத்தாயிரமும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருத்தல் கூடும்! பத்தாயிரம் என்ற எண்ணைக் கேட்டு மகிழ்ந்து கையெழுத்திட்டபோது இது எனக்குத் தெரியாது.

நம் கேரளத்திலேயே இதை முறையாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். மஞ்சக்கூரி என்று இங்கே வழங்கும் மஞ்சள் நிறக் கெளிற்றை நீங்கள் சந்தையில் பார்த்திருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரிய மீன் அது. லக்னோவில் தலைமையகம் கொண்ட தேசிய மீன் மரபுவளச் செயலகத்தின் கொச்சிப் பிரிவு ஆராய்ச்சியாளர்கள் மீனச்சில், சாலக்குடி, நேத்ராவதி ஆகிய மூன்று ஆறுகளின் மஞ்சக்கூரியை இவ்வாறு அளந்து 2009-இல் வெளியிட்டனர். கண்ணுக்கு ஒன்று போலவே தோன்றும் அம்மீன்கள் மரபில் மூன்று வெவ்வேறு கூட்டங்களாக இருந்தன. எனவே மீனச்சிலுக்கு மீனச்சிலின் வழித்தோன்றலையும், சாலக்குடிக்குச் சாலக்குடியின் வழித்தோன்றலையுமே விட வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிபு. நார்வே நாட்டில் ஒவ்வோர் ஆற்றுச் சால்மன் மீனின் வித்தையும் தனித்தனியே உறைய வைத்துக் காக்கிறார்கள். பண்ணையிலிருந்து தப்பிய மீன்கள் ஆற்று மீன்களோடு கலந்துவிட்ட அளவையும் கணக்கிடுகிறார்கள்.

கரமனையாற்றுக்கு வருவோம். நாம் விலை பேசியிருப்பவை கட்லா, ரோகு குஞ்சுகள். இவ்விரண்டும் கங்கைச் சமவெளியின் மீன்கள். நான்கு புறமும் கரை கட்டிய குளத்தில் வளர்த்து உண்பதற்கு மிக ஏற்றவை. அதனை நான் குறை கூறவில்லை. ஓடும் ஆற்றில் விட்டால் திரும்ப அழைக்க முடியாது. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை இன்று எங்கள் அமராவதி அணையில் எவ்வளவு மலிந்திருக்கிறது என்பதை உடுமலைப்பேட்டைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வர்.

நம்மில் சிலர், "தமிழ்ச் சங்கம் ஒரு நல்ல காரியம் செய்ய வந்தால் இவர் குறுக்கே நிற்கிறாரே" என்று வருந்துவதை அறிவேன். இந்த ஊர் நமக்குச் சோறிட்டது; அதற்கு நன்றி காட்டவே இதைத் தொடங்கினோம். ஆகையால் என் வேண்டுகோள் இதுவே. குஞ்சுக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று செயலாளர் சொல்கிறார். அதைக் கொடுக்க வேண்டாம். கேரளப் பல்கலைக் கழகத்தின் நீர்வாழ் உயிரியல் துறை கரியவட்டத்தில், நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு அத்துறையின் பேராசிரியர் ஒருவரை அழைப்போம். கரமனையாற்றுக்கே உரிய மீன்கள் எவை, அவற்றுள் குறைந்து வருபவை எவை, இந்த ஆற்றில் பிடித்த தாய் மீன்களிடமிருந்தே குஞ்சு பெற வழியுண்டா என்று கேட்போம். "வழி இல்லை, ஆற்றில் குப்பை விழாமல் காவல் இருங்கள், அது போதும்" என்று அவர் சொன்னால் அதையே செய்வோம். என் ஐந்நூறு ரூபாய் செயலாளரிடமே இருக்கட்டும்; அவர் வந்து போகும் செலவுக்கு ஆகும்.